கல்யாணத்துக்கு ஒரு பழைய வீடு

பிளெய்ன்ஸ்பரோ
செப்டம்பர் 8, 2024

அன்புள்ள சம்பந்தி ஜெயசெல்விக்கு,

மீனாக்ஷி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் கிருபைராஜ் சாரும் சௌக்கியமா? அவருடைய முழங்கால் எப்படி இருக்கிறது?

போன் இருக்கும்போது இதென்ன மெயில் என்று நினைப்பீர்கள். போன வாரம் நாம் பேசிவிட்டு வைத்ததும் இவர் சொன்னார்: "அந்தம்மா மொத்தமா பேசினது 'ம்', 'சரி', 'அப்படியா' மூணு வார்த்தைதான்டி. மிச்சமெல்லாம் நீதான்." எழுதினாலாவது உங்களுக்கும் முறை வருமே என்று உட்கார்ந்துவிட்டேன்.

மானஸாவும் உங்கள் சைலஸும் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்கள். கோயிலும் இல்லையாம், சர்ச்சும் இல்லையாம். "ஒரு வீட்டுல பண்ணிக்கறோம்மா. தாலியும் உண்டு, மோதிரமும் உண்டு. வீட்டை நீயே ஃபைண்ட் பண்ணு, எங்களுக்கு டைம் இல்ல" என்று மானஸா என் தலையில் கட்டிவிட்டாள். கரும்பு தின்ன எனக்குக் கூலியா வேண்டும்?

உங்களுக்கு என் பைத்தியம் தெரியாது. மானஸா டல்லஸுக்கு வேலைக்குப் போனதிலிருந்து அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் இவரை டிரைவ் பண்ணச் சொல்லி, சின்னச் சின்ன ஊர்களாகப் பழைய வீடுகளைப் பார்த்துக்கொண்டு திரிகிறேன். வாக்ஸஹாச்சியில் ஒரு தெரு இருக்கிறது, வீட்டுக்கு வீடு மரத்திலேயே லேஸ் பின்னியிருக்கிறான்! கூம்பு வைத்த கோபுரம், சுற்றி ஓடும் வராந்தா, அலை அலையாக நெளியும் பழைய கண்ணாடி. அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எதிர் வீட்டு நாய்கூட ஆடிக்கொண்டே நடக்கும். எங்கள் காம்ப்ளெக்ஸில் எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும், பத்து வருஷம் ஆகியும் இவர் தப்பான கதவில் சாவி போடுகிறார். அங்கே ஒரு வீடு போல இன்னொன்று கிடையாது.

அதனால் டெக்ஸஸ் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில், ஒரு பழைய வீட்டில், வருகிற மே மாதம் கல்யாணம். சம்மதம்தானே? ஆமாம், உங்கள் சொந்த ஊர் எது? கேட்கவே இல்லை பாருங்கள்.

அன்புடன்,
மீனாக்ஷி

சான் ஹோசே
செப்டம்பர் 15, 2024

அன்பின் மீனாக்ஷி அம்மாவுக்கு,

கர்த்தரின் கிருபையால் நாங்கள் நலம். உங்கள் இருவரின் நலம் அறிய ஆவல். இவர்களுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, படி ஏறினால்தான் கஷ்டம். எனக்கு இந்த மாதம் ஆஸ்பத்திரியில் நைட் ஷிஃப்ட், அதனால்தான் பதில் தாமதம். மன்னிக்கவும்.

பிள்ளைகள் சொன்னது எங்களுக்கும் சம்மதம். வீடு பார்ப்பதில் எனக்குப் பழக்கம் இல்லை. நீங்கள் பார்த்து எது சொன்னாலும் சரி.

எனக்குச் சொந்த ஊர் வால்பாறைப் பக்கம். அப்பா, அம்மா இரண்டு பேரும் அங்கே தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தார்கள். நர்ஸிங் படிக்கக் கோயம்புத்தூருக்கு இறங்கிய பிறகு நான் அதிகம் போகவில்லை.

கர்த்தர் உங்களைக் காப்பாராக.

ஜெயசெல்வி கிருபைராஜ்

பிளெய்ன்ஸ்பரோ
செப்டம்பர் 16, 2024

அன்புள்ள ஜெயசெல்விக்கு,

சௌக்கியம், சௌக்கியம். சௌக்கியத்துக்கு மேலேயே இருக்கிறேன்!

வால்பாறையா! இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? நாங்கள் ஹனிமூன் போனது அங்கேதான், தெரியுமா? இவருடைய சிநேகிதரின் மாமா ஒரு எஸ்டேட்டில் மேனேஜர். பங்களாவில் நாலு நாள் தங்கினோம். புல்தரை, ரோஜாப் பாத்தி, பளபளவென்று மெழுகிய மரத்தரை, காலையில் டிரேயில் டீ. எனக்குப் பழைய வீட்டுப் பைத்தியம் பிடித்ததே அங்கேதான். நீங்கள் அதிலேயே பிறந்து வளர்ந்தவர்! அப்பா மேனேஜரா, எஸ்டேட் டாக்டரா? அம்மாவும் வேலை பார்த்தார் என்றால் ஸ்கூல் டீச்சராக இருக்க வேண்டும். சரியா?

இனி எப்படிப்பட்ட வீடு தேட வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த மாதம் டெக்ஸஸ் போகிறோம். வாயைத் திறக்கமாட்டேன், பார்த்துக்கொண்டே இருங்கள்.

அன்புடன்,
மீனாக்ஷி

சான் ஹோசே
அக்டோபர் 4, 2024

அன்பின் மீனாக்ஷி அம்மாவுக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு ஜெபிக்கிறோம். இங்கே வெயில் இன்னும் குறையவில்லை. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும்.

சைலஸுக்கு வேர்க்கடலை அலர்ஜி உண்டு, சமையல்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். வீட்டில் படிகள் குறைவாக இருந்தால் இவர்களுக்கு நல்லது. எங்கள் பக்கத்திலிருந்து நூற்றிருபது பேர் வரலாம்.

எஸ்டேட் பற்றி நேரில் பேசுவோம். டெக்ஸஸுக்குப் பத்திரமாகப் போய் வாருங்கள்.

ஜெயசெல்வி

டல்லஸ்
அக்டோபர் 20, 2024

அன்புள்ள ஜெயசெல்விக்கு,

நலமா? நான் தரையில் இல்லை. கிடைத்துவிட்டது! கிடைத்தேவிட்டது!

டல்லஸிலிருந்து கிழக்கே, லூசியானா எல்லையை ஒட்டி, கோல்டர்ஸ்வில் என்று ஒரு ஊர். ஒரே ஒரு சிக்னல், ஒரு கோர்ட், நாலு தெரு. வருஷத்துக்கு ஒரு வாரம் பழைய வீடுகளையெல்லாம் திறந்துவிடுகிறார்கள், டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்க்கலாம். முதல் வீட்டிலேயே ஒரு கூத்து. வாசலில் நான் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டேன். எனக்குப் பின்னால் இவர். எங்களைப் பார்த்துவிட்டு அதுதான் விதி போலிருக்கிறது என்று எங்களுக்குப் பின்னால் நின்ற அத்தனை அமெரிக்கர்களும் பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள்! கௌபாய் பூட்ஸ் கழற்ற ஒருவரை ஒருவர் பிடித்து இழுத்தது கண்கொள்ளாக் காட்சி. வீட்டுக்காரி வெளியே வந்து பார்த்தாள். பிறகு, "என் தரை இவ்வளவு மரியாதையைப் பார்த்ததே இல்லை" என்று எனக்கு லெமனேட் கொடுத்தாள். அவள்தான் இந்த வீட்டுக்கு வழி சொன்னாள்.

ஊருக்கு வெளியே இரண்டு மைல். இருபுறமும் ஓக் மரங்கள் கைகோத்து நிற்கிற பாதை. அதன் கடைசியில் எட்டு வெள்ளைத் தூண்களோடு வீடு. பிளான்டேஷன் ஹவுஸ்! பெயரைக் கேட்டதுமே எனக்கு உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது. அங்கே தேயிலை, இங்கே பருத்தி, அவ்வளவுதான். அதே புல்தரை, அதே மெழுகிய மரத்தரை. இவர் மட்டும் காரில் உட்கார்ந்துகொண்டு, "ஏண்டி, பருத்தித் தோட்டம்னா பின்னாடி யாரெல்லாம் இருந்தான்னு கேட்டியா?" என்று ஆரம்பித்தார். அப்படிப் பார்த்தால் உலகத்தில் ஒரு அரண்மனையையும் பார்க்க முடியாது என்று வாயை அடைத்துவிட்டேன்.

மே மாதம் பதினேழாம் தேதிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். படிகள் ஆறே ஆறுதான். படங்கள் இணைத்திருக்கிறேன். கடைசிப் படத்தில் பின்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன மரக்குடில்கள் தெரிகின்றன பாருங்கள், அழகாக இல்லை? பெண்ணுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று அலங்கார அறையாக வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளிடம் மூச்சு விடவில்லை. தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு வரும்போது சர்ப்ரைஸ். நீங்களும் சொல்லாதீர்கள். ஜெயசெல்வி, கல்யாணத்தன்று உங்களுக்குப் பிறந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி இருக்கவேண்டும். அதற்காகத்தான் இத்தனையும்.

சந்தோஷத்துடன்,
மீனாக்ஷி

பிளெய்ன்ஸ்பரோ
நவம்பர் 9, 2024

அன்புள்ள ஜெயசெல்விக்கு,

நலம்தானே? மூன்று வாரமாகப் பதில் இல்லை. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் பார்சல் அனுப்பினேன். கிருபைராஜ் சார், "ரொம்ப நல்லாருக்கும்மா" என்று மெசேஜ் போட்டார். உங்களிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. உடம்புக்கு ஏதாவது?

வீடு பிடிக்கவில்லையா? தூரம் அதிகமா? நான் பாட்டுக்கு முடிவு பண்ணி அட்வான்ஸ் கொடுத்தது தப்பு என்றால் நேராகத் திட்டிவிடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பிள்ளை வீட்டுக்காரரைக் கேட்காமல் பெண் வீட்டுக்காரி இத்தனை ஆட்டம் போடலாமா என்று இவர் தினம் ஒரு தடவை சொல்கிறார். என் வாயால் மானஸாவுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

இரண்டு வரி எழுதுங்கள்.

மீனாக்ஷி

சான் ஹோசே
நவம்பர் 24, 2024

அன்பின் மீனாக்ஷி அம்மாவுக்கு,

நலம். முறுக்கு ஒன்றுகூட உடையவில்லை, நன்றி. என் மௌனத்துக்கு முதலில் மன்னியுங்கள்.

போன வாரம் நான் டெக்ஸஸ் போயிருந்தேன். சைலஸையும் மானஸாவையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். உங்கள் சர்ப்ரைஸைக் கெடுத்துவிட்டேன்.

வீடு அழகாகத்தான் இருக்கிறது. நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தை மிகையில்லை. எனக்குக் கோபம் வந்ததே அது அவ்வளவு அழகாக இருந்ததால்தான். நான் உள்ளே போகாமல் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். உங்கள் கடைசிப் படத்தில் இருந்த குடில்கள். ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஒரே அறை. அடிமைகளாக வாங்கிவந்தவர்கள் இருந்த இடம். மானஸா பார்த்ததுமே அழுதுவிட்டாள். நான் அழவில்லை. உள்ளே நின்று, எங்கே அடுப்பு இருந்திருக்கும், எங்கே பிள்ளைகளைப் படுக்க வைத்திருப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது தெரியும்.

அப்பா மேனேஜர் இல்லை. அம்மா டீச்சர் இல்லை. இரண்டு பேரும் கொழுந்து பறித்தவர்கள். நான் பிறந்தது லைன் வீட்டில். ஒரே தகரக் கூரை, அதற்குக் கீழே பத்துக் குடும்பம், குடும்பத்துக்கு ஓர் அறை. எங்கள் லைனிலிருந்து பார்த்தால் மேட்டில் பங்களா தெரியும். உங்கள் ஹனிமூன் பங்களா போல ஒன்று. என் பிறந்த வீட்டுப் படத்தைத்தான் நீங்கள் அனுப்பியிருந்தீர்கள், கடைசிப் படமாக.

அங்கே இருந்தவர்கள் பட்டதும் நாங்கள் பட்டதும் ஒன்று என்று சொல்லமாட்டேன். எங்களை யாரும் விற்கவில்லை. அப்பா என்னைப் படிக்க அனுப்ப முடிந்தது. ஆனாலும் அந்தக் குடிலில் என் மருமகள் அலங்காரம் பண்ணிக்கொள்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சைலஸுக்கு இதெல்லாம் அங்கே நின்றுதான் சொன்னேன். "வொய் டிடின்ட் யூ எவர் டெல் மீ, அம்மா?" என்றான். வால்பாறை என்றால் எல்லோரும் "பங்களாவா?" என்றுதான் கேட்கிறார்கள். இல்லை என்று சொன்னதும் கேட்டவர்களின் குரல் மாறுவதை நர்ஸிங் காலேஜ் நாளிலிருந்து கேட்டிருக்கிறேன். உங்கள் குரல் மாறுவதை நான் விரும்பவில்லை. எனக்கு உங்கள் குரல் பிடித்திருந்தது.

இப்போது தெரிந்துவிட்டது. இனி இந்தச் சம்பந்தம் பற்றி என்ன முடிவென்றாலும் சொல்லுங்கள்.

ஜெயசெல்வி

பிளெய்ன்ஸ்பரோ
நவம்பர் 24, 2024

அன்புள்ள ஜெயசெல்விக்கு,

நலம் விசாரிக்கவும் எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், நலமா?

சம்பந்தத்தைப் பற்றி என்ன முடிவா? இன்னொரு தடவை இப்படி எழுதினால் சான் ஹோசேவுக்கு ஃபிளைட் பிடித்து வந்து உங்கள் வீட்டில் ஒரு மாதம் உட்கார்ந்துவிடுவேன். நான் பேசுவதை முழுக்கக் கேட்க வேண்டியிருக்கும். என் குரல் மாறாது. மாறினால் இவர் பிரார்த்தனை பலித்தது என்று தேங்காய் உடைப்பார்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த எஸ்டேட்டில் நாலு நாள் தங்கினேனே, ஜன்னல் வழியாகக் கூடையோடு பெண்கள் போவதைப் பார்த்தேனே, அவர்கள் எங்கே போகிறார்கள் என்று ஒரு தரம்கூட நினைக்கவில்லை. படத்தில் அழகாக இருக்கும் என்று இவரை போட்டோ எடுக்கச் சொன்னேன். இங்கேயும் அதையேதான் செய்திருக்கிறேன். இவர் சரியாகத்தான் கேட்டார், நான்தான் காதில் வாங்கவில்லை.

உங்கள் மெயிலைப் படித்து முடித்த கையோடு போன் பண்ணி அந்த வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காதாம். கிடைக்காமல் போகட்டும். மானஸா என்னோடு பேசினாள். "பேசினாள்" என்பது மரியாதைக்காகச் சொல்வது.

ஜெயசெல்வி, பழைய வீடு என்றால் எனக்கு இன்னும் உயிர்தான். அதைப் பொய் சொல்ல முடியாது. ஆனால் இனி முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவர என்னால் முடியுமென்று தோன்றவில்லை. கல்யாண வீட்டை நீங்கள் தேடுங்கள். பழக்கமில்லை என்று சொல்லக் கூடாது. உங்களுக்குப் பார்க்கத் தெரிந்த அளவு எனக்குத் தெரியவில்லை.

மன்னிப்பும் அன்பும்,
மீனாக்ஷி

சான் ஹோசே
ஜனவரி 12, 2025

அன்பின் அக்காவுக்கு,

கர்த்தர் தந்த புது வருஷத்தில் இரு வீட்டாரும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். உங்களை அக்கா என்று கூப்பிடலாம் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். நீங்கள் வீட்டை முடிவு பண்ணியதைப் போல!

அக்கா, கிடைத்துவிட்டது!

பிள்ளைகளோடு மறுபடி கோல்டர்ஸ்வில் போனேன். எந்த ஊருக்குப் போனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை நான் விடமாட்டேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஒரு சர்ச் கண்ணில் பட்டது. உள்ளே போனால் முழுக்கக் கறுப்பினத்தார். பட்டுப்புடவையோடு ஒருத்தி வந்து உட்கார்ந்ததும் பாஸ்டர் பிரசங்கத்தையே நிறுத்திவிட்டு வரவேற்றார். முடிந்ததும் விடுவார்களா? தட்டு நிறையக் கோழியும் கீரையும் வைத்துச் சாப்பிட வைத்தார்கள். கல்யாணத்துக்கு வீடு தேடுகிறோம் என்றேன். ஐந்து பேர் ஒரே நேரத்தில் ஒரே பெயரைச் சொன்னார்கள்: மிஸ் லோரேன்.

டூர் மேப்பில் இல்லாத வீடு அது. மஞ்சள் நிறம், அடர்ந்த எலுமிச்சை மஞ்சள். கட்டியவர் ஒரு தச்சர், ஐசையா டக்கர். சின்ன வயதில் அந்தத் தோட்டத்துக் குடில்களில் ஒன்றில் இருந்தவராம். அடிமைகளுக்கு விடுதலை கிடைத்த பிறகு தச்சு வேலை கற்றுக்கொண்டு, ஊரில் பெரிய மனிதர்களுக்கெல்லாம் மரலேஸ் செதுக்கிக் கொடுத்து, கடைசியில் தனக்கென்று இதைக் கட்டியிருக்கிறார். ஊராருக்குச் செதுக்கியதிலேயே நல்ல வடிவத்தைத் தன் வீட்டுக்கு வைத்துக்கொண்டார் போல. வராந்தா முழுக்க சூரியகாந்திப் பூக்கள், அக்கா! ஒவ்வொரு பூவுக்கும் இதழ் வேறு மாதிரி. நான் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். "அம்மா, ப்ரீத்! மூச்சு விடுங்க!" என்றான் சைலஸ். இப்போதுதான் உங்கள் பைத்தியம் எனக்குப் புரிகிறது. நெளிகிற கண்ணாடியும் இருக்கிறது. உங்களுக்காகப் பக்கத்து வீட்டு நாயை அதன் வழியாகப் பார்த்தேன். ஆடிக்கொண்டுதான் நடந்தது.

மிஸ் லோரேன் அவருடைய கொள்ளுப்பேத்தி. பள்ளிக்கூட லைப்ரரியனாக இருந்து ரிட்டயர் ஆனவர். வாடகைக்கெல்லாம் விடுவதில்லையாம். என்னை உட்கார வைத்து யார், எவர் என்று விசாரித்தார். தேயிலை, லைன் வீடு எல்லாம் சொன்னேன். கேட்ட முதல் நாளே ஒருவரிடம் முழுக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை. கேட்டுவிட்டு, "சாப்பாடு எத்தனை பேருக்கு?" என்றார். முன்னூறு என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். பின்னால் பீக்கன் மரத்தடியில் பந்தல் போட்டுக்கொள்ளலாம், தாலி கட்டுவது வராந்தாவில்.

பதினேழாம் தேதியே கிடைத்துவிட்டது. படங்கள் இருபத்தாறு அனுப்பியிருக்கிறேன். எல்லாவற்றையும் பாருங்கள்.

அன்புத் தங்கை,
ஜெயசெல்வி

பிளெய்ன்ஸ்பரோ
பிப்ரவரி 2, 2025

அன்புள்ள தங்கை ஜெயசெல்விக்கு,

சௌக்கியம். அங்கே எல்லோரும் சௌக்கியமா? உன் படங்களை நூறு தடவை பார்த்திருப்பேன். (அக்கா என்று சொன்ன பிறகு 'நீங்கள்' கிடையாது.) பதினாலாவது படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறேன், அந்த மூலைப் பூ. இவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஏதோ தானே செதுக்கியது போலக் காட்டுகிறார். மிஸ் லோரேனுக்குப் புடவை எடுத்தாயிற்று, மஞ்சளில். கட்டிவிடுவது உன் பொறுப்பு.

சமையலுக்கு டல்லஸ் கஸ்தூரிரங்கன் ஒத்துக்கொண்டார். வேர்க்கடலை வாசனைகூட வராது என்று சத்தியம் பண்ணினார். அவருக்கு ஒரே கேள்விதான். "மாமி, பின்வாசல் எந்தப் பக்கம், எவ்வளவு அகலம்? எங்களை எப்பவும் எல்லா இடத்துலயும் பின்னாடியாத்தான் விடுவா. இட்லிக் கொப்பரை நுழையணும், அதான்" என்கிறார். மிஸ் லோரேனிடம் கேட்டுச் சொல்லேன்.

இன்னொன்று. வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்கும் வேலையை யாருக்குக் கொடுக்கலாம்? என் நாத்தனார் கேட்கிறாள், அவளுக்குக் கொடுத்தால் எல்லோரையும் கேள்வி கேட்டே விரட்டிவிடுவாள். நீயே யோசித்துச் சொல்.

அன்புடன்,
அக்கா மீனாக்ஷி

சான் ஹோசே
பிப்ரவரி 10, 2025

அன்பின் அக்காவுக்கு,

நலம். இவர்கள் முழங்காலுக்கு ஊசி போட்டாயிற்று, கல்யாணத்தில் ஆடப்போவதாகச் சொல்கிறார்கள். அத்தானுக்கு என் அன்பு.

மிஸ் லோரேனோடு போனில் பேசினேன். பின்வாசல் இருக்கிறது. ஆனால் எனக்கு ஓர் ஆசை, அக்கா.

எஸ்டேட்டில் கிறிஸ்துமஸுக்கு பங்களாவில் கேக் கொடுப்பார்கள். லைன் பிள்ளைகள் எல்லோரும் பின்வாசலில் வரிசையில் நிற்போம். சமையற்காரர் கதவைப் பாதி திறந்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பார். வருஷா வருஷம் நின்றிருக்கிறேன். அந்த பங்களாவின் முன்வாசல் எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதனால் நம் கல்யாணத்தில் யாரும் பின்வாசல் வழியாக வர வேண்டாம். மணப்பெண்ணானாலும் சரி, பாத்திரம் தூக்கி வருகிறவரானாலும் சரி, எல்லோரும் முன்னால்தான் வரவேண்டும். இதை மிஸ் லோரேனிடமும் சொன்னேன். உடனே "எஸ் மேம்" என்றார்.

வாசலில் நிற்கிற வேலை எனக்கு வேண்டும். பன்னீர்ச் செம்பும் சந்தனமும் வைத்துக்கொண்டு நிற்பேன். கஸ்தூரிரங்கனுக்கும் அவருடைய ஆட்களுக்கும் சந்தனம் உண்டு என்று சொல்லிவிடுங்கள்.

அகலத்தைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டாம். மானஸாவை டேப்போடு அனுப்பி முன்வாசலை அளக்கச் சொன்னேன். இட்லிக் கொப்பரை தாராளமாக நுழையும், பக்கத்தில் நான் நிற்கவும் இடம் இருக்கிறது.

அன்புத் தங்கை,
ஜெயசெல்வி